கோலாருக்குப் போகும் பெங்களூரு தண்ணீர்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டும் புழுதி மட்டுமே பறந்த ஆழ்துளைக் கிணறுகள் அங்கே ஏராளம். அந்த மாவட்டத்து ஏரிகளுக்கு 2018 ஜூன் முதல் பெங்களூருவில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் வருகிறது. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று அதற்குப் பெயர். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை அனுப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்புவது இதன் நோக்கம்.

தண்ணீர் வந்த அடுத்த மாதமே கோலாரின் லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. தடைகள் விழுந்து, விலகி, 2019இல் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கியது.

திட்டம் வீண் என்று சொல்ல முடியாது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வற்றிப்போன கிணறுகளில் நீர் ஊறினால் எந்த விவசாயிதான் வேண்டாம் என்பார்? கேள்வி தண்ணீரின் தரம் பற்றியது.

இங்கே வருவது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நின்றுவிடும் நீர். கசடும் அழுகும் பொருட்களும் பெருமளவு நீங்கிவிடும். கிருமிகள், நைட்ரேட், கரைந்த உப்புகள் ஆகியவற்றில் கணிசமான பங்கு தங்கிவிடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு உரம்தான். அவையே ஏரியில் பாசியை வளர்க்கும், கிணற்றில் இறங்கினால் குடிநீரைக் கெடுக்கும். சோடியத்தின் வேலை இன்னும் மெதுவானது. களிமண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பிறகு மண் நனைந்தால் சேறாகும், காய்ந்தால் பாளமாகும், தண்ணீரை உள்ளே விடாது. களராகிப்போன நிலத்தை மீட்க ஜிப்சம் போட்டு, நல்ல நீரால் அலச வேண்டும். அந்த நல்ல நீருக்கு கோலார் எங்கே போகும்?

கழிவுநீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை வயலுக்கு அனுப்பும் இஸ்ரேலின் அனுபவம் இங்கே உதவும். டெல் அவிவ் வட்டாரத்தின் கழிவுநீரை ஷஃப்தான் நிலையத்தில் சுத்திகரித்தபின் மணற்பரப்பில் விட்டு, நிலத்தடியில் வடியவைத்து, பிறகே நெகேவ் பகுதிப் பண்ணைகளுக்கு இறைக்கிறார்கள். சலவைத்தூளில் இருந்து வந்த போரான் பயிரைத் தாக்கும் என்று தெரிந்ததும், சலவைத்தூளில் அதன் அளவுக்கே அந்நாடு கட்டுப்பாடு விதித்தது. 2010இல் வந்த விதிகள் 36 அளவீடுகளுக்கு வரம்பு வைத்தன. இத்தனைக்குப் பிறகும், இத்தகைய நீரில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தின் தடயம் இருந்ததை 2016இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வு காட்டியது. அளவு மிகக் குறைவுதான். ஆனால் தேடிப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது.

கோலாரை அண்டை மாநிலத்துச் சங்கதி என்று தமிழ்நாடு ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த மாவட்டத்தின் வழியாகத்தான் பாலாறு வேலூர்ப் பக்கம் இறங்குகிறது. சென்னையிலோ கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறைவரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். இயந்திரத்துக்கு அவ்வளவு கவனம் எடுக்கும்போது, தக்காளி விளையும் மண்ணுக்கு இரண்டாம் கட்டத்தோடு போதும் என்பது என்ன நியாயம்?

வயலுக்கு அவ்வளவு செலவான முறை தேவையில்லை. மணல் வடிகட்டியும் கிருமிநீக்கமும் சேர்ந்த மூன்றாம் கட்டம், ஆலைக்கழிவு வீட்டுக் கழிவுநீரில் கலக்காத தடுப்பு, பச்சையாகத் தின்னும் கீரை, காய்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் ஆகியவை போதும். கூடவே நைட்ரேட், சோடியம், கன உலோகம், மலக்கிருமி அளவுகளை மாதந்தோறும் சோதித்து, ஒவ்வோர் ஏரிக்கரையிலும் கன்னடத்தில் எழுதிவைக்க வேண்டும். பல நூறு கோடி ரூபாயில் குழாய் பதித்த அரசுக்கு, ஆய்வகச் செலவும் ஒரு பலகையும் பாரமாக இருக்காது.