தொடாதே என்பதற்கு முன்னால்

பிள்ளை ரோட்டோரம் குனிந்து ஒரு செடியைத் தொட்டால் போதும், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நம் குரல் எழும்பிவிடுகிறது. “ஏய், அதைத் தொடாத! கையக் கழுவு!” அது என்ன செடி என்று திருப்பிக் கேட்டால் நமக்கே தெரியாது. தெரியாததால்தான் பயம். அந்தப் பயத்தை அப்படியே பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, “எதிலயும் ஆர்வமே இல்ல” என்று டியூஷன் டீச்சரிடம் போய்ப் புலம்புகிறோம்.

பிரம்மதேசம் சுற்றுவட்டாரத்துப் பெற்றோரைத்தான் சொல்கிறேன். நானும் அதில் ஒருத்தி. கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம், அதைத் தாண்டிக் கடல். தெற்கே இறங்கினால் கழுவெளி. குரும்புரத்தில் காப்புக்காடு. கீழ்புத்துப்பட்டில் ஐயனாரைச் சுற்றிக் கோயில்காடு. நீலப் பூவைக் கொம்போடு ஒட்டிப் பூக்கும் காயா மரம் அங்கே மண்டிக் கிடக்கிறது. உவர்மண்ணில் வளர்வது, மணலில் படர்வது, ஏரிக்கரையில் நிற்பது, வறண்ட காட்டிலும் இலை உதிராமல் பச்சையாக இருப்பது என்று எல்லா வகையும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கின்றன. கழுவெளியை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரப்பு. பூநாரை பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம், படம் எடுக்கிறோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் நின்று படம் எடுத்த இடத்தில் நம் காலடியில் மிதிபட்ட பூண்டுக்கு என்ன பெயர்?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொல்லியிருக்கிறார் என்று நம் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதுகிறார்கள். அந்த வரிசையில் அடும்பு இருக்கிறது, தாழை இருக்கிறது, புன்னை, ஆவிரை, தும்பை எல்லாம் இருக்கின்றன. அடும்பு நம் கடற்கரை மணலில்தான் படர்ந்து கிடக்கிறது. இலை நடுவில் பிளந்து ஆட்டுக்குளம்பு போலவே இருக்கும். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் மாதிரி விரியும். கொடியை லேசாகத் தூக்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். காற்றில் பறக்கும் மணலை அப்படித்தான் அது பிடித்து நிறுத்துகிறது. மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இதைக் காட்டவில்லை என்றால், அந்தக் குறைக்கு வாத்தியாரைக் கைகாட்டாதீர்கள். அவருக்கு முடிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் கையில்தான் இருக்கிறது.

உப்பளத்து ஓரத்துக்கு வாருங்கள். எல்லாம் ஒரே பச்சை, ஒரே தடித்த இலை, ஒரே களை என்றுதான் முதலில் தோன்றும். உட்கார்ந்து பாருங்கள். உமரிக்கு இலை உருண்டு, சிறு விரல் மாதிரி இருக்கும். தண்டில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறும். பூ இருக்கிறதா என்றே தெரியாது, இலை இடுக்கில் பச்சையாக, அவ்வளவு சின்னது. பக்கத்தில் தரையோடு ஓடும் வங்காரவள்ளையைப் பாருங்கள். சிவந்த தண்டு, கொஞ்சம் தட்டையான இலை, கணுவில் எதிரும் புதிருமாக இரண்டிரண்டு. பூ இளஞ்சிவப்பில் நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும். பத்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்தால் எட்டு வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். பிறகு கேட்கும்: உப்புத் தண்ணியில இது எப்படிம்மா சாகாம இருக்கு? அப்போது சொல்லுங்கள், உறிஞ்சிய உப்பை இலைக்குள் தண்ணீரோடு சேர்த்து அடக்கி வைத்துக்கொள்கிறது, இலை தடித்திருப்பது அதனால்தான் என்று. எந்தக் கோச்சிங் சென்டரும் இந்தக் கேள்வியைப் பிள்ளை வாயிலிருந்து வரவழைக்காது.

இன்னொன்று என்னை மிகவும் உறுத்துகிறது. வழி நெடுக நிற்கும் சீமைக்கருவேலை நம் ஊர் மரம் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்தது. நம் கருவேலுக்குப் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலின் பூ நீண்ட கதிராகத் தொங்கும். காய் இடுக்கில்லாமல் நீளமாகப் போகும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஏரிக்கரையில் “முள்ளு வெட்டுறோம்” என்று இறங்கினால் கருவேலும் சேர்ந்துதான் விழும். காயத்துக்குப் பிழிந்து விடும் வெட்டுக்காயப் பூண்டும் வெளியிலிருந்து வந்ததுதான், அதுவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து. மருந்துக்கு ஆகிறது என்பதாலேயே அது இந்த மண்ணுக்குச் சொந்தமாகிவிடாது.

போனைக் காட்டினால் பேர் சொல்லிவிடுகிறதே என்கிறீர்கள். சொல்லும், பூ இருந்தால், படம் தெளிவாக இருந்தால். பூக்காத உமரியைக் காட்டினால் எங்கோ இருக்கும் எதையோ சொல்லும். பிள்ளை முதலில் இலை அடுக்கைப் பார்க்கட்டும், தண்டு உருண்டையா சதுரமா என்று உருட்டிப் பார்க்கட்டும், கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசம் என்று தெரிந்துகொள்ளட்டும். ஒரு நோட்டில் வரையட்டும். அதற்கப்புறம் போன்.

கசக்கச் சொல்கிறீர்களே, விஷச்செடியாக இருந்தால்? நியாயமான கேள்வி, ஆனால் அதற்கும் பதில் செடியைத் தெரிந்துகொள்வதுதான். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் எந்தப் பிள்ளையையும் இழுக்கும்; மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கொடிய விஷம். இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதுதான் அதன் அடையாளம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. ஊமத்தங்காய் வாய்க்குப் போகக்கூடாது. இந்த நாலைந்தை முதல் நாளே கண்ணால் காட்டிவிடுங்கள். பெரியவர்கள் அடையாளம் சொல்லாத எதையும் கிள்ளவும் கூடாது, வாயில் வைக்கவும் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள். “எதையும் தொடாதே” என்று வளர்த்த பிள்ளைக்கு எதைத் தொடக்கூடாது என்று தெரியாமலே போய்விடும்.

வீட்டிலே ஆயா இருக்கிறாரே, அவரை ஏன் டி.வி. முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள்? களையெடுத்த கை அது. கீரை பறிக்க வரப்பெல்லாம் நடந்த கால். துத்தி எது, முடக்கத்தான் எது, சங்கமுள் எது என்று நடந்துகொண்டே சொல்லுவார். ஸ்கூலில் செடி ஒட்டி வரச் சொன்னால் நாமே ராத்திரி உட்கார்ந்து நெட்டில் படம் எடுத்து பிரிண்ட் போட்டு ஒட்டித் தருகிறோம், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை நிறுத்துங்கள்.

வருகிற ஞாயிறு காலையில், வெயில் ஏறும் முன்னால் கிளம்புங்கள். மூடின செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, பென்சில். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டு வரப்பில் ஏறுங்கள். பாத்தியில் கால் வைக்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் எதையும் பறிக்கக் கூடாது, பார்த்து வரைந்தால் போதும். ஒரு நாளைக்கு மூன்று செடி போதும், அதற்கு மேல் திணிக்காதீர்கள். ஆயாவை முன்னால் நடக்க விடுங்கள், பிள்ளை அவர் பக்கத்தில் போகட்டும். நாம் பின்னால் போகலாம்; நமக்கும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.