எளிய அணிக்கும் களம் வேண்டும்

உலகக் கோப்பைப் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் ஒரு வினா எழுகின்றது. வலிமை குன்றிய அணிகளை அப்பெருங்களத்தில் சேர்ப்பது முறையா? ஒருதலையாக முடியும் ஆட்டங்களால் காண்போர்க்குச் சலிப்பு, வென்றோர்க்குப் பெருமையில்லை, தோற்றோர்க்கு மானக்கேடு என்பர் ஒரு சாரார். இக்கூற்றைக் கிரிக்கெட் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

1975-இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 ஓட்டங்கள் குவித்தது. அறுபது ஓவர்களும் ஆடிய இந்தியா எடுத்ததோ 132. அடுத்து 1979-இல் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். அவற்றுள் ஒன்று, டெஸ்ட் தகுதியே பெற்றிராத இலங்கையிடம். இரு போட்டிகளிலும் சேர்த்து ஆறு ஆட்டங்களில் நமக்குக் கிட்டிய வெற்றி ஒன்றே. எளிய அணிகளை விலக்குக என்னும் விதி அன்றே இருந்திருப்பின், 1983-இல் லார்ட்ஸ் திடலில் மேற்கிந்தியத் தீவுகளை 43 ஓட்டங்களில் வென்ற பெருமை நமக்கு வாய்த்திருக்குமா? அவ்விறுதியாட்டத்தில் இரு அணியினருள்ளும் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர், 38 எடுத்த நம் சென்னை ஸ்ரீகாந்த் என்பதை மறத்தல் இயலுமா? 1975-இல் ஆடிய மூன்றிலும் தோற்ற இலங்கையும் 1996-இல் கோப்பையை வென்றது.

2003-இல் கனடா 36 ஓட்டங்களில் சுருண்டதை எடுத்துக்காட்டி வாதிடுவோர் உளர். உண்மையே. ஆயின் 2023-இல் மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களில் சுருண்டது முன்னாள் வாகையரான அதே இலங்கை. அதனை விலக்குக என எவரும் கூறவில்லையே! பெயர்பெற்றோர் வீழ்ந்தால் ஒருநாள் சறுக்கல். எளியோர் வீழ்ந்தால் தகுதியின்மை. இஃது எவ்வகை நீதி?

வாயில் குறுகினால் வளர்ச்சியும் குறுகும். 2015-இல் 14 அணிகள் ஆடிய உலகக் கோப்பை, 2019-இலும் 2023-இலும் பத்து அணிகளுக்கே உரியதாயிற்று. அக்குறுகிய வாயிலிலும் நுழைந்த ஆப்கானிஸ்தான், 2019-இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் தோற்றது. அகதி முகாம்களில் ஆடக் கற்றோரால் எழுந்த அவ்வணி, 2023 அக்டோபர் 23 அன்று நம் சேப்பாக்கம் திடலில் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டுகளில் வென்றது. ஒருநாள் ஆட்டங்களில் பாகிஸ்தானை அவர்கள் வென்றது அதுவே முதன்முறை. சென்னை மக்கள் ஆரவாரித்து வாழ்த்தினர். அதே தொடரில் இங்கிலாந்தையும் இலங்கையையும் அவ்வணி வீழ்த்தியது.

எனினும் அழைத்துவிட்டால் மட்டும் போதுமா? 2003-இல் அரையிறுதி வரை வந்த கென்யாவை 2011-க்குப் பின் உலகக் கோப்பையில் காணவில்லை. ஒரு திங்கள் விருந்தளித்து ஆண்டுகள் பல பட்டினியிட்டால் உடல் தேறுமா? தகுதிச் சுற்றில் வென்று வருவதே முறை. இடைப்பட்ட ஆண்டுகளிலும் வலிய அணிகள் எளியோரோடு ஆடுதல் கடமை. 2027-இல் மீண்டும் 14 அணிகள் என 2021-இல் எடுத்த முடிவு வரவேற்கத்தக்கது. அஃது இவ்விரண்டாம் கடமையோடு இணைந்தாலன்றி நிலைத்த பயன் தராது.

இவ்வுண்மை உலகத் திடல்களுக்கு மட்டும் உரியதன்று. விழுப்புரத்தை அடுத்த கெடார் போன்ற ஊர்களின் மாணவர்கள், நல்ல திடலும் பயிற்சியாளரும் உடைய நகரத்துப் பள்ளியோடு மோதினால் முதலில் தோற்கக்கூடும். அதனால் அவர்களை மாவட்டப் போட்டிக்கே அனுப்பாதிருத்தல் தகுமோ? விளையாட்டிற்கு மட்டுமன்று, கல்விக்கும் இது பொருந்தும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் மாணவனிடம் முதற்பருவ மதிப்பெண்ணைக் கொண்டே தகுதியை அளந்தால், நாம் இழப்பவர் எத்தனை பேர்!

மாணவச் செல்வங்களே! தோல்விக்கு அஞ்சிக் களத்தை விட்டு நீங்காதீர். பெரியோர்களே! அவர்களுக்குரிய களத்தை மறுக்காதீர். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும். அடிப்பதற்கு அம்மியருகே இடம் தரவேண்டுமன்றோ?