பென்ஷன்காரருக்கு அரை நாள் வேலை

பாறசாலையில் கேரள சர்க்கார் ஆபீஸில் 2013 ஏப்ரலுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா, 56 வயதானதும் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த ஊரான களியக்காவிளையில் தமிழக சர்க்கார் குமாஸ்தாவுக்கு 60 வரை உத்தியோகம் உண்டு. அங்கே 2020-ல் 58-ஐ 59 ஆக்கினார்கள். மறு ஆண்டே 60 ஆக்கினார்கள். எல்லையைத் தாண்டினால் மனிதனுக்கு நாலு வயது குறைந்துவிடும் போலும்!

பூவாரில் எங்கள் தெருவில், தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் இருக்கிறார். தமிழ், மலையாளம் இரண்டும் தடையின்றி எழுதுவார். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூட மனு என்று கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்கள் காலையிலேயே அவர் திண்ணையில் கூடிவிடுவார்கள். ஒரு டீக்கு மேல் அவர் வாங்குவதில்லை. "சும்மா இருக்க முடியலே தம்பி. ஆனா எனக்கு வயசாயிட்டுதுன்னு சர்க்காரே எழுதிக் கொடுத்திட்டுதே" என்கிறார்.

கேரளத்துச் சிறுபான்மைத் தமிழர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். தமிழில் பதில் எழுத ஆள் வேண்டாமா? அந்த ஆள் திண்ணையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

இளைஞர்கள் கோபிப்பார்கள். 2022-ல் பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக்கிக் கேரள சர்க்கார் உத்தரவு போட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தது. பி.எஸ்.சி. பட்டியலில் பெயர் வந்து காத்திருப்பவனின் வயிற்றெரிச்சல் நியாயமானது. நானும் வரிசையில் நின்று வந்தவன்தான்.

ஆகவே காலியிடத்தில் கிழவரை உட்கார வைக்கச் சொல்லவில்லை. அதைச் செய்வது எங்கள் ரயில்வேதான். 2024 அக்டோபரில், சுமார் 25,000 இடங்களுக்கு 65 வயதுக்கு உட்பட்ட ஓய்வு பெற்றவர்களை எடுக்கும் திட்டம் வந்தது. முழு நாள் வேலை. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அடிப்படைப் பென்ஷனைக் கழித்துக்கொண்டு மிச்சம் கூலி. இளைஞனுக்கு இடம் போயிற்று, பெரியவருக்குப் பென்ஷன் அளவு கூலி போயிற்று. இதில் லாபம் யாருக்கு?

பென்ஷன் சர்க்கார் இடும் பிச்சையல்ல, உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சம்பாதித்ததைப் புதுக் கூலியில் கழிப்பானேன்?

நாம் கேட்பது வேறு. நாளுக்கு மூன்று மணி நேரம், மணிக்கு இவ்வளவு என்று கூலி; பென்ஷனில் கை வைக்கக் கூடாது; நிரந்தர இடம் எதையும் இதைக் காட்டி நிரப்பாமல் விடக் கூடாது. மனு எழுதிக் கொடுப்பது, மொழிபெயர்ப்பது, புதிதாக வந்தவருக்கு ஃபைல் கட்டக் கற்றுக் கொடுப்பது போன்ற வேலைகள் போதும்.

தனியார் கம்பெனியில் உழைத்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர் கதை தனி. அதன் குறைந்தபட்சத் தொகை 2014-ல் ஆயிரம் ரூபாய் ஆனது. அதை நம்பி அடுப்பு எரியாது. அவர் யார் அனுமதிக்கும் காத்திராமல் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுகிறார்.

நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காலை பத்து முதல் ஒரு மணி வரை. கலெக்டர் மனம் வைத்தால் ஆரம்பித்துப் பார்க்கலாம். எங்கள் தெருப் பெரியவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்.