இங்கிதம் தெரிந்தவர் யார்?

காலை நேரம். சென்னையில் இருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரெயில். இரவு வேலை முடிந்து திரும்பும் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஒடிசாவோ, பீகாரோ, எந்த ஊர்ப் பிள்ளையோ! தலை சாய்ந்து சாய்ந்து, பக்கத்தில் இருப்பவரின் தோளில் விழுகிறது.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? சிலர் தோளை உதறுவார்கள். சிலர் முறைப்பார்கள். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் உண்டு. ஏறும்போதே, "கடம்பத்தூர் நிற்குமா?" என்று அந்த இளைஞர் அரைகுறைத் தமிழில் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கும். திருவள்ளூரைத் தாண்டியதும் மெதுவாகத் தட்டுவார். "தம்பி, எழுந்திரு. உன் ஊர் வருகிறது."

இதற்குப் பெயர்தான் இங்கிதம்.

இங்கிதம் என்பது வடமொழியில் இருந்து வந்த சொல். மனதில் இருப்பதை வெளியே காட்டும் குறிப்பு என்பது அதன் பழைய பொருள். முகம் வாடுவது ஒரு குறிப்பு. கை பிசைவது ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் பார்த்து, அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளும் பண்பையும் தமிழர்கள் அதே சொல்லால் அழைக்கத் தொடங்கினார்கள். இனிமை என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. பொருத்தம்தான்!

ஆக, இதில் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் கண் பார்க்க வேண்டும். பிறகு மனம் இரங்க வேண்டும். பார்க்காமல் இரங்க முடியாது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் அது வெறும் வேடிக்கை.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று ரெயிலில் அடிக்கடி கேட்கிறது. அது வேறு. அது அடுத்தவரை வளையச் சொல்வது. இங்கிதம் தெரிந்தவர், அடுத்தவர் வாய் திறக்கும் முன்பே தள்ளி உட்காருவார்.

ஆனால் இந்தச் சொல் இன்று எங்கே அதிகம் கேட்கிறது? திட்டும்போதுதான்! மருமகள் காபி கொண்டுவரக் கொஞ்சம் நேரமானால், "இங்கிதம் தெரியாதவள்." அவள் காலையில் இருந்து ஒரு வாய் சாப்பிட்டாளா என்று கேட்காத மாமியாரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வேலைக்காரப் பையன் நடுவில் பேசிவிட்டால், "இங்கிதம் இல்லை." வங்கியில் ஒரு பெரியவரைப் பார்த்து, "கையெழுத்தா, கைநாட்டா?" என்று பத்துப் பேர் காதில் விழும்படி கத்துகிறவருக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக அது ஆகிவிட்டது.

திருவள்ளுவர் அப்படிச் செய்யவில்லை. குறிப்பறிதல் என்ற தலைப்பில் அவர் இரண்டு அதிகாரங்கள் எழுதினார். 71-வது அதிகாரம் அரசனிடம் பழகும் அமைச்சருக்கு. 110-வது அதிகாரம் காதலருக்கு. அத்துடன் விடவில்லை. 58-வது அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயர். கண்ணால் கண்டதும் இரங்கும் குணம் அது. (இன்று கண்ணோட்டம் என்றால் கருத்து என்று ஆகிவிட்டது. "அரசியல் கண்ணோட்டம்" என்கிறார்கள். இரக்கம் போய்விட்டது!) அதை எங்கே வைத்தார்? அரசியல் என்ற பகுதியில் வைத்தார். அதாவது, கண்ணோட்டம் முதலில் அரசனுக்கு வேண்டும். கையில் வாள் இருப்பவனுக்கு வேண்டும்.

வாள் வைத்திருந்த அரசன் ஒருவன் அதைச் செய்தும் காட்டினான்.

சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூரை வென்றவன். அவன் அரண்மனையில் வீர முரசு வைக்கும் கட்டில் ஒன்று இருந்தது. முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரம். மோசிகீரனார் என்ற புலவர் வந்தார். களைப்பு. மெத்தென்று பூப்பரப்பிய கட்டில். என்ன கட்டில் என்று தெரியாமலே படுத்து உறங்கிவிட்டார்.

அதில் ஏறுவது பெரிய குற்றம். வாளால் வெட்டத்தக்க குற்றம்!

அரசன் வந்தான். பார்த்தான். வாளை எடுக்கவில்லை. கவரியை எடுத்தான். புலவர் விழிக்கும் வரை பக்கத்தில் நின்று வீசினான். புறநானூற்றின் 50-வது பாட்டு இதைத்தான் சொல்கிறது. பாடியவர் அந்தப் புலவரே.

தட்டி எழுப்பி, "போ, மன்னித்தேன்" என்று சொல்லியிருந்தாலும் அரசனை எல்லோரும் புகழ்ந்திருப்பார்கள். அவன் மன்னிப்பைப் பற்றி நினைக்கவே இல்லை. களைத்தவனுக்குத் தூக்கம் வேண்டும் என்று நினைத்தான்.

இந்தக் காலத்தில் இதற்குச் சட்டம் போட வேண்டியிருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்தார்கள். கால் வீங்கியது. யார் கண்ணிலும் படவில்லை. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

நல்ல சட்டம். அது நாற்காலியைக் கொண்டுவந்து போடும். ஆனால் முதலாளி கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தப் பெண் எப்படி உட்காருவாள்?

சில கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தலை நிமிர மாட்டார்கள். அந்தக் கால் மணி நேரம் கடையில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.