கூச்சலிட மட்டும் ஒருத்தி

புதையல் தேடும் படங்கள் எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பெண்ணியம் பேசுகிறவளுக்குப் படத்தை ரசிக்கத் தெரியாது என்ற பழைய பல்லவியைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். வண்டலூரில் ஒரு பெண்கள் விடுதி அறையில், கல்லூரி மாணவிகள் ஐந்து பேருடன் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' பார்த்தேன். சுரங்கத்தில் தள்ளுவண்டிகள் பறக்கும் காட்சியில் நானும்தான் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். 1984இல் வந்த படம். காட்சி உத்திகளுக்காக வாங்கிய ஆஸ்கர் தகுதியானதுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதையல் என்று கிளம்பிய நாயகன், சுரங்கத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்ததும் நின்றுவிடுகிறான். கல்லை எடுத்துக்கொண்டு ஓடாமல் குழந்தைகளை விடுவிக்கிறான். கடைசியில் அந்தக் கல்லும் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் ஊருக்கே திரும்புகிறது. இந்த வகைப் படங்களில் இது அபூர்வம்.

அப்படிப்பட்ட படம் பெண்களை என்ன செய்தது என்பதுதான் என் வழக்கு.

1981இல் வந்த முதல் படத்தில் மேரியன் இருந்தாள். நேபாளத்தில் சொந்தமாக மதுக்கடை நடத்துகிறவள், ஆண்களோடு போட்டி போட்டுக் குடித்து ஜெயிக்கிறவள், வாசலில் வந்து நின்ற பழைய காதலனின் தாடையில் குத்துவிடுகிறவள். இரண்டாவது படத்தின் கதையை முதல் கதைக்கு ஓராண்டு முன்னால், 1935இல் வைத்துவிட்டார்கள். மேரியன் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. அவள் இடத்துக்கு வந்த வில்லி ஸ்காட், ஷாங்காய் விடுதி ஒன்றின் பாடகி. அவளாக விரும்பி இந்தப் பயணத்துக்கு வரவில்லை. வேலை செய்த இடத்திலிருந்து இழுத்துவரப்பட்டவள். விஷமுறிவு மருந்தைத் தேடி நாயகன் அவள் உடைக்குள் கைவிடுகிறான். அதற்கு நாம் சிரிக்க வேண்டுமாம். எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை கத்துவது. காட்டில் இரவு தங்கும் காட்சியில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு அலறல். உயிரியல் பூங்காவில் சிங்கம் கர்ஜிப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிற ஊரில் இருந்து இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈட்டி முனைகளோடு கூரை இறங்கிவரும் அறையில் நாயகனும் சிறுவனும் மாட்டிக்கொள்ளும்போது, பூச்சிகள் மொய்க்கும் பொந்துக்குள் கையைவிட்டு நெம்புகோலை இழுத்து அவர்களைக் காப்பாற்றுகிறவள் வில்லிதான். அருவருப்பில் உடம்பு கூச, கத்திக்கொண்டே அதைச் செய்கிறாள். ஓர் ஆண் செய்திருந்தால் பின்னணி இசை முழங்கியிருக்கும். அவள் செய்ததால் அது நகைச்சுவைக் காட்சி. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் குளோரியா காட்ஸ் என்ற பெண். அதனால் படம் தப்பிவிடாது. ஆணின் கண்ணால் எழுத நமக்கும்தான் பழக்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தப் படத்தின்மேல் வந்த கோபம் வேறு திசையில் போனது. குரங்கு மூளையும் கண்விழி சூப்பும் பரிமாறும் விருந்தைக் காட்டி இந்தியாவை அவமதித்துவிட்டார்கள் என்றார்கள். திரைக்கதையைத் திருத்தச் சொல்லி இந்திய அரசு கேட்டது, அவர்கள் மறுத்தார்கள், படப்பிடிப்பு இலங்கைக்குப் போனது. சாப்பாட்டு இலைக்காக வந்த ரோஷம் காளிக்கு நேர்ந்ததைப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. படத்தின் கணக்கைப் பாருங்கள்: சிவனின் பெயரால் உள்ள கல் ஊரை வாழவைக்கிறது, காளி மனித உயிரைக் கேட்கிறாள். படத்தில் அதிகாரம் உள்ள ஒரே பெண் உருவம் அவள்தான். அவளும் ஆண் பூசாரியின் கையில் ஒரு பொம்மை. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் எங்கள் பெண்களுக்கு அவள் சண்டை போடவும், அழவும், திட்டவும் ஏற்ற ஒருத்தி. மதத்தை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று கொடிபிடிக்கிறவர்களோடு எனக்குச் சேர்த்தி இல்லை. நான் கேட்பது, பெண்ணின் வலிமை என்றாலே ஏன் ரத்தக்காட்டேரி என்பதைத்தான்.

எனக்கு மனசு ஆறாத இடம் அந்தக் கிராமம். ஊரின் குழந்தைகள் மொத்தமும் பறிபோயிருக்கின்றன. மந்திரக் கிழவர் பேசுகிறார், ஊர்த்தலைவர் பேசுகிறார். பெற்றவள் ஒருத்திகூட நின்று தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி நீதி கேட்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களில் ஒருவர் ஐராங்கனி சேரசிங்க. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வில் 1956லேயே நடித்த, சிங்களத் திரையின் பெரிய நடிகை. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் வெறும் 'கிராமத்துப் பெண்'.

அந்த ஊரைக் கட்டியது கண்டிப் பக்கத்து மலைகளில். படப்பிடிப்பு 1983 ஏப்ரலில் தொடங்கியது, அதே ஆண்டு ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. அந்த மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து அவர்களில் எத்தனை பேர் யாருக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்போதும் அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த மண்ணில் நின்றுகொண்டு படம் காட்டும் தீர்வைப் பாருங்கள்: தொங்குபாலத்தில் கடைசி நேரத்தில் வெள்ளைக்கார கேப்டன் படையோடு வந்து காப்பாற்றுகிறான்.

ஹாலிவுட்டை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010இல் வந்தபோது, தேடலுக்குத் தலைமை தாங்குகிறவள் ஒரு பெண், தொல்லியல் அறிந்தவள் இன்னொரு பெண் என்று நான் கைதட்டினேன். வழி நெடுக அவர்கள் முத்துவின் ஆபாசக் கேலியைச் சகிக்க வேண்டியிருந்தது. சோழர்களின் தோல்வியைக் காட்ட, முடிவில் அவர்களுடைய பெண்களின் உடல்மேல் படை ஏறியது. அதன் இரண்டாம் பாகம் 2021 புத்தாண்டில் அறிவிக்கப்பட்டபோது தனுஷ்தான் நாயகன் என்றார்கள். நாயகி என்ன செய்வாள் என்று ரசிகர்கள் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

விடுதி அறைக்கு வருகிறேன். கடைசிக் காட்சி. குழந்தைகள் ஓடிவந்து தாய்களைக் கட்டிக்கொள்கின்றன. கேமரா அங்கே அதிகம் நிற்கவில்லை. வில்லி, போதும், நான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டெல்லிக்கு வழிகாட்ட ஆள் கேட்டு நடக்கிறாள். நாயகன் சாட்டையை வீசுகிறான். அது அவள் இடுப்பைச் சுற்றுகிறது. இழுத்து அணைத்து முத்தமிடுகிறான். யானை தண்ணீர் பீய்ச்ச, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சற்று முன்னால் சுரங்கத்தில் அதே பிள்ளைகளின் முதுகில் விழுந்ததும் சாட்டைதான்.

திரை இருண்டதும், இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, அவ டெல்லிக்குப் போறேன்னுதானே சொன்னா?"