கடைசி நாள் கூட்டம் கடையைக் காப்பாற்றாது

ஹாலந்து வில்லேஜின் ‘தம்பி மேகசின் ஸ்டோர்’ மூடப்பட்டது 2024 மே 5ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. செய்தி வெளியானதும் பழைய வாடிக்கையாளர்கள் தேடி வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், உரிமையாளரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். சமூக ஊடகங்களில் நினைவுகள் குவிந்தன.

அந்தப் பதிவுகளைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பல்கலைக்கழக நாள்களில் எத்தனையோ மாலை அந்தக் கடை வாசலில் நின்று இதழ்களைப் புரட்டியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியது இரண்டு முறைதான்.

தாத்தா 1940களில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுத் தொடங்கிய குடும்பத் தொழில் அது. மூன்றாம் தலைமுறை வரை வந்தது. பிரிட்டிஷ் ராணுவக் குடும்பங்கள் அருகிலிருந்த சிப் பீ குடியிருப்பில் வசித்த காலத்திலிருந்தே ஹாலந்து வில்லேஜில் வெளிநாட்டு இதழ்களுக்கு வாசகர்கள் இருந்தார்கள். 1971ல் ராணுவம் வெளியேறிய பிறகும் வாசகர்கள் குறையவில்லை. கட்டடக்கலை, கார், சமையல், தையல் என ஆயிரக்கணக்கான இதழ்கள் வாசலில் அடுக்கப்பட்டிருக்கும். ‘தம்பி’ என்ற தமிழ்ச் சொல்லைச் சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர் எல்லாரும் உரிமையோடு உச்சரித்த இடம் அது.

அப்படிப்பட்ட கடையே நிலைக்கவில்லை என்றால், நம் பேட்டையிலும் தேக்காவிலும் உள்ள குடும்பக் கடைகளின் நிலை என்ன?

முதலில் வியாபாரக் கணக்கைப் பார்ப்போம். வார இதழின் ஆயுள் ஏழு நாள், மாத இதழுக்கு முப்பது நாள். அதற்குள் விற்காவிட்டால் அது பழைய பேப்பர்தான். ஒரு பிரதியில் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. ஆனால் அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு வாடகை உண்டு. வாசகர்கள் கைப்பேசிக்கு மாற, விளம்பரங்களும் அவர்கள் பின்னாலேயே போயின. பெரிய நிறுவனங்களாலேயே இதைத் தாங்க முடியவில்லை. எம்பிஎச் 2019ல் தன் கடைகளை மூடியது. டைம்ஸ் புத்தகக் கடையின் கடைசிக் கிளை, அதே ஹாலந்து வட்டாரத்தின் ஜெலிட்டாவில், 2024 செப்டம்பரில் மூடப்பட்டது.

அடுத்து, இடம். லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் கடைவீட்டின் முகப்பு, சன்னல், ஐந்தடிப் பாதை எல்லாம் காப்பாற்றப்பட்டன. உள்ளே நடக்கும் தொழிலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001ல் முற்றாக நீக்கப்பட்டது. அதன்பின் வாடகையைத் தீர்மானிப்பது சந்தைதான். வண்ணம் பூசிய பழைய கட்டடம் சுற்றுப்பயணிகளை ஈர்க்கும்போது அதன் மதிப்பு ஏறுகிறது. அந்த வட்டாரத்துக்கு மணமும் சத்தமும் கொடுத்த மாலைக் கட்டுபவரும் மாவு மில்காரரும் அந்த ஏற்றத்துக்குச் சேர்த்து வாடகை கட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விஷயத்தை நாம் வெளியில் பேசுவதில்லை. விடியற்காலை முதல் இரவு பத்து மணி வரை அப்பா கடையில் நின்றது எதற்காக? பிள்ளைகள் படித்து, குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பதற்காக. அந்த ஆசை நிறைவேறிவிட்டது. அதனால்தான் பல கடைகளுக்கு வாரிசு இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

காலம் மாறினால் கடைகளும் போகத்தானே வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சுமார் 80 ஆண்டுகள் இயங்கிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டபோதும் இதே வாதம் எழுந்தது. யாருக்கும் தேவைப்படாத தொழிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாது.

ஆனால் எல்லாக் கடையும் அப்படியல்ல. ஆள்கள் வருகிறார்கள், பொருளும் விற்கிறது, ஆனாலும் அடுத்த குத்தகையைத் தாங்க முடியவில்லை என்ற நிலையில் உள்ள கடைகளே அவசரமாகக் கவனிக்கப்பட வேண்டியவை. தாக்குப்பிடிக்க வழியுண்டு என்பதற்கும் நம்மிடையே சான்றுகள் இருக்கின்றன. 1924ல் தொடங்கிய ஆனந்த பவன் நூறாண்டைக் கடந்துவிட்டது. 1947ல் தொடங்கிய கோமள விலாசில் இன்றும் தோசை வார்க்கிறார்கள். கேம்பல் லேனில் 1960ல் சிறிய அளவில் தொடங்கிய ஜோதி ஸ்டோர், அடுத்த தலைமுறையின் கையில் பல மாடிக் கடையாக வளர்ந்திருக்கிறது.

அரசாங்கமும் இதை உணர்ந்திருக்கிறது. குறைந்தது 30 ஆண்டுகள் இயங்கும் வணிகங்களை அங்கீகரித்து, விளம்பரத்துக்கும் ஆலோசனைக்கும் உதவும் முன்னோட்டத் திட்டத்தைத் தேசிய மரபுடைமைக் கழகம் 2025ல் தொடங்கியது. லிட்டில் இந்தியாவுக்கும் அதில் இடமுண்டு. நல்ல தொடக்கம்தான். ‘தம்பி’ கடை அதற்கு முந்திய ஆண்டே மூடிவிட்டது. அங்கீகாரப் பலகை வாடிக்கையாளரை வாசல் வரை அழைத்து வரும், ஆனால் வாடகையைக் குறைக்காது. பழைய வணிகங்களுக்கு நீண்டகாலக் குத்தகை கிடைக்க வழி உண்டா என்பதே அடுத்துப் பேசவேண்டியது.

அதுவரை நம் பங்கு என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. தீபாவளிக்கு மட்டும் தேக்காவுக்குப் போகாமல் மாதம் ஒருமுறையாவது போவது. புளோக் கீழ்த்தளத்து மாமா கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்குவது. வயதான கடைக்காரருக்கு ‘பேநவ்’ கட்டண முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது. அவரிடம் உள்ள தொழில் நுணுக்கத்தைக் கேட்டுப் பதிவுசெய்வது. இளையர்களால் இதையெல்லாம் செய்ய முடியும்.

கடைசி நாளில் நாம் காட்டிய அன்பு பொய்யல்ல. அதில் ஒரு பங்கு, கூட்டமில்லாத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையும் அந்தக் கல்லாவுக்குப் போயிருக்க வேண்டும். நான் இரண்டு முறை வாங்கிய கடைக்கு இனி அதைச் செய்ய முடியாது. என் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடைக்கு இன்னும் முடியும்.