பாடம் ஒரு வீட்டுக்கு மட்டும்

ராக்கி அவுர் ராணி கி பிரேம் கஹானி (இந்தி, 2023)
இயக்கம்: கரண் ஜோஹர்
நடிப்பு: ரண்வீர் சிங், ஆலியா பட், தர்மேந்திரா, ஜெயா பச்சன், ஷபனா ஆஸ்மி

ராக்கி, தில்லியில் இனிப்பு வியாபாரத்தில் கோடிகளைக் குவித்த பஞ்சாபிக் குடும்பத்தின் வாரிசு. உடம்பை வளர்த்த அளவுக்கு அறிவை வளர்க்காதவன். ராணி, டி.வி. செய்தியாளர், வங்காளி. அம்மா ஆங்கிலப் பேராசிரியை, அப்பா கதக் கலைஞர். கல்யாணத்துக்கு முன் காதலர்கள் மூன்று மாதம் வீடு மாறி வாழ்ந்து எதிர்த் தரப்பின் மனதை வெல்லப் பார்க்கிறார்கள்.

நல்ல முடிச்சுதான். பணம் தரும் அந்தஸ்தும் ஆங்கிலம் தரும் அந்தஸ்தும் நேருக்கு நேர் மோதுவதை இந்தி சினிமா அடிக்கடி காட்டுவதில்லை. முதல் பாதியில் சிரிப்புக்குக் குறைவில்லை. தனக்குத் தெரியாததைச் சொல்லித் தராமல் கேலி மட்டும் செய்பவர்களிடம் ராக்கி பொங்கும் காட்சியில் ரண்வீர் சிங் அசத்துகிறார்.

ஆனால் அந்தக் கோபத்துக்குப் படத்தில் மதிப்பில்லை. சட்டர்ஜி வீட்டாரின் அறிவுச் செருக்கு லேசான கண்டிப்போடு தப்பிவிடுகிறது. ரந்தாவா வீட்டிலோ பாட்டை அடக்கிக்கொண்ட அம்மா, பருமனுக்காகக் குத்திக்காட்டப்படும் தங்கை என்று எல்லோருக்கும் ராணிதான் விமோசனம் தர வேண்டியிருக்கிறது. பணக்காரர்கள் படித்தவர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதே கடைசியில் மிஞ்சும் சேதி. லட்டு பிடிக்கும் தொழிலாளிக்கு இந்த வர்க்கக் கதையில் இடமே இல்லை. 'தேவதாஸ்' (2002) பாடலுக்கு ராக்கியும் வருங்கால மாமனாரும் ஆடுவது அழகு. அது சொன்னதையே பிறகு வசனத்திலும் நீட்டி விளக்குகிறார்கள்.

பெரிய ஏமாற்றம் முதியவர்கள். நினைவு தப்பிய தாத்தாவுக்கு 1978இல் சிம்லாவில் சந்தித்த காதலி மட்டும் நினைவுக்கு வருகிறாள். தர்மேந்திராவும் ஷபனா ஆஸ்மியும் இதை நெகிழ்ச்சியாகச் செய்கிறார்கள். ஆனால் ஆயுள் முழுதும் கணவனின் அன்பு கிடைக்காமல் வியாபாரத்தைக் கட்டிக் காத்த மனைவி? ஜெயா பச்சனுக்குத் தந்திருப்பது முறைப்பு மட்டுமே. அடக்கப்பட்ட பெண்களுக்காக வாதாடும் படம், அதிகம் இழந்த பெண்ணை வில்லியாக்கிவிடுகிறது.

ஆரோக்கியமான பொழுதுபோக்குக்கான 2023ஆம் ஆண்டின் தேசிய விருது இதற்குக் கிடைத்தது. பொழுது போகிறது, மறுப்பதற்கில்லை. இரு வீட்டையும் ஒரே தராசில் நிறுத்தியிருந்தால் மனதிலும் நின்றிருக்கும்.